சிகாகோ யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் கதை: வீட்ல எல்லாரும் கேட்ட கேள்விங்களும் என் பதிலும்

அக்கா பையனுக்கு சிகாகோ யுனிவர்சிட்டில சீட் கெடச்சதுலேந்து எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரே கேள்வி. குளிர் தாங்குவானா, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்னு ஆரம்பிச்சு, அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால்னா திருவிழா மாதிரியாமே, இவன் காலேஜ் டீம் எப்படின்னு மாமா ஒருத்தர் கேட்டாரு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு காலத்துல அந்த நாட்டுலயே பெரிய டீம் மாமா, அப்புறம் அவங்களே இழுத்து மூடிட்டாங்க, கேலரிக்கு அடியில அணு உலை கட்டினாங்க"ன்னு ஒரு மெசேஜ தட்டி விட்டுட்டேன். அதோட தொலைஞ்சேன். நான் கதை விடறேன்னு பாதி பேர், முழுசா சொல்லுன்னு மீதி பேர். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

ஃபுட்பால்னா நம்ம ஊர் கால்பந்து தானே?

இல்ல. அதுக்கு அவங்க சாக்கர்னு சொல்லுவாங்க. இது நீள்வட்டமா இருக்கற பந்த கையில வச்சுக்கிட்டு ஓடற ஆட்டம், பக்கத்துக்கு பதினோரு பேர். பந்து வச்சிருக்கற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குள்ள பத்து கெஜம் முன்னாடி போகணும், போயிட்டா இன்னொரு நாலு சான்ஸ், போகலன்னா பந்து எதிராளிக்கு. கடைசி கோட்ட தாண்டிட்டா டச்டவுன். தடுக்க வர்றவன் ஓடறவன கட்டிப்புடிச்சு கீழ தள்ளணும். கபடில ரெய்டு வந்தவன அமுக்கற மாதிரி நினைச்சுக்குங்க, பாதி புரிஞ்சுடும். இந்த கதைக்கு இன்னொரு விதி மட்டும் தெரிஞ்சா போதும்: பந்து வச்சிருக்கறவன அவனோட சொந்த கோட்டுக்கு பின்னாடியே வச்சு அமுக்கிட்டா அமுக்கின டீமுக்கு ரெண்டு பாயிண்ட், அதுக்கு பேரு சேஃப்டி. இந்த ரெண்டு பாயிண்ட மறந்துடாதீங்க, கீழ வரும்.

படிப்புக்கு பேர் போன யுனிவர்சிட்டிக்கு இந்த டீம் எதுக்கு?

விளம்பரத்துக்கு தான், வேறென்ன. ஹார்வர்டு, யேல் எல்லாம் அப்பவே நூத்துக்கணக்கான வருஷம் பழைய காலேஜ், சிகாகோ யுனிவர்சிட்டி நேத்து முளைச்சது. எண்ணெய் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்துல 1890ல பதிவாச்சு, 1892 அக்டோபர் 1ந்தேதி தான் முதல் வகுப்பே நடந்துச்சு. முதல் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர், பைபிள் மொழியெல்லாம் படிச்ச பெரிய ஹீப்ரு பண்டிதர், ஆனா ஆள் கெட்டிக்கார வியாபாரி மாதிரி யோசிப்பாரு. பேர் பேப்பர்ல தினம் வரணும்னா ஆராய்ச்சி கட்டுரை பத்தாது, ஃபுட்பால் வேணும்னு அவருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு. யேல்ல தன்கிட்ட படிச்ச ஒரு பையன கூப்பிட்டு, வருஷத்துக்கு 2,500 டாலர் சம்பளம், பேராசிரியர் அந்தஸ்துன்னு வேலைய குடுத்தாரு. ஒரு கோச்சுக்கு வாத்தியார் பதவி குடுத்தது அன்னிக்கு யாரும் கேள்விப்படாத விஷயம். அந்த பையன் தான் அமோஸ் அலோன்சோ ஸ்டாக்.

முதல் வருஷம் டீமுக்கு ஆள் பத்தலன்னு கோச்சே இறங்கி ஆடினாரு. இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு, நம்ம ஊர் டோர்னமெண்ட்ல பி.டி. வாத்தியார் லுங்கிய மடிச்சு கட்டிக்கிட்டு இறங்கற கதை தான்.

யாரு இந்த ஸ்டாக்? பேர் மட்டும் கேட்ட மாதிரி இருக்கு

பாதிரியார் ஆகணும்னு யேலுக்கு போனவரு. மேடைல பேச்சு சரியா வரல, ஆனா ஆட்டம் வந்துச்சு. 1889ல முதல் முதலா போட்ட ஆல் அமெரிக்கன் லிஸ்ட்ல, அதாவது அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரங்க லிஸ்ட்ல, அவர் பேர் இருக்கு. அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டுல கொஞ்ச நாள் இருந்தாரு, அங்க கூட இருந்தவர் தான் பாஸ்கெட்பால கண்டுபிடிச்ச நெய்ஸ்மித், அந்த ஆட்டத்தையும் ஆரம்பத்துலேயே ஆடி பாத்தவர் ஸ்டாக். குள்ளமான ஆளு, குடிக்க மாட்டாரு, புகை கிடையாது, கெட்ட வார்த்தை பேச மாட்டாரு, ரொம்ப கோவம் வந்தா பசங்கள "கழுதை"ன்னு திட்டுவாராம், அதுக்கு மேல போகாது. டேக்கிள் பழகறதுக்கு மெத்தைய சுருட்டி பொம்மை பண்ணது, பந்து எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆள ஓட விடறதுன்னு இன்னிக்கு இருக்கற பல உத்திக்கு அவர் பேர தான் சொல்றாங்க. எல்லாமே அவர் ஒருத்தரே பண்ணாருன்னு நான் நம்பல, பெரிய மனுஷன் கிட்ட எல்லாத்தையும் கொண்டு போய் சேர்க்கறது எல்லா ஊர்லயும் உள்ள வழக்கம் தான்.

1892லேந்து 1932 வரைக்கும் 41 சீசன் ஒரே எடத்துல ஒரே ஆள். ஏழு தடவை கான்ஃபரன்ஸ் பட்டம், கடைசி பட்டம் 1924.

கான்ஃபரன்ஸ்னா என்ன? மரூன்ஸ், மிட்வே இதெல்லாம் என்ன பேரு?

கான்ஃபரன்ஸ்னா ஒரு லீக் மாதிரி, பக்கத்து பக்கத்து யுனிவர்சிட்டிங்க சேர்ந்து வச்சுக்கறது. இப்ப பிக் டென்னு பெருசா பேசறாங்களே, 1896ல அத ஆரம்பிச்ச ஏழு பேர்ல சிகாகோவும் ஒண்ணு. மரூன் டீம் கலர், முதல்ல ஒரு மஞ்சள் கலர் வச்சிருந்தாங்க, 1894ல மரூனுக்கு மாறினாங்க. மிட்வேங்கறது காம்பஸ் பக்கத்துல ஓடற நீளமான புல்வெளி, 1893 உலக கண்காட்சில முதல் ராட்சச ராட்டினம் நின்ன எடம். அதனால டீமுக்கு மிட்வே அரக்கர்கள்ன்னு பட்டப்பேர். டீம் போனதுக்கு அப்புறம் அந்த பேர சிகாகோ பேர்ஸ்ங்கற தொழில்முறை டீம் எடுத்துக்குச்சு, அவங்க ஹெல்மெட்ல இருக்கற "சி" எழுத்தும் யுனிவர்சிட்டிக்காரங்க ரொம்ப காலமா வச்சிருந்த டிசைன் தான். பேர்ஸ் ரசிகர் கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, சொல்லி பாருங்க.

அவங்க ஆடினதுலயே பெரிய மேட்ச் எது?

1905 நவம்பர் 30. தேங்க்ஸ்கிவிங் நாள், அதாவது அவங்களுக்கு நம்ம தீபாவளி ரிலீஸ் மாதிரி, அன்னிக்கு தான் பெரிய மேட்ச் வைப்பாங்க. எதிர்ல மிச்சிகன். அந்த டீம் 1901லேந்து 56 மேட்ச் தோக்கவே இல்ல, அந்த சீசன்ல மட்டும் அதுவரைக்கும் 495 பாயிண்ட் அடிச்சிருந்தாங்க, அவங்க மேல ஒருத்தன் ஒரு பாயிண்ட் கூட அடிச்சதில்ல. பூஜ்யம். கோச் ஃபீல்டிங் யோஸ்ட், நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட் டீம்னு பேரு.

குளிர் எலும்ப கடிக்குது, சுமார் 27 ஆயிரம் பேர் வந்திருக்காங்க, ரெண்டு பக்கமும் உதைச்சு உதைச்சு பந்த அங்கயும் இங்கயும் அனுப்பறாங்களே ஒழிய ஸ்கோர் நகரவே இல்ல. சிகாகோவுல வால்டர் எக்கர்சால்னு ஒரு பையன், சின்ன உருவம், காலு மட்டும் பீரங்கி. ரெண்டாவது பாதில அவன் உதைச்ச பந்து மிச்சிகன் கோட்டுக்கு பின்னாடி போய் விழுது. டென்னி கிளார்க்னு ஒரு பையன் அத எடுக்கறான். அப்படியே கீழ வச்சிருந்தா ஒண்ணும் இல்ல. ஆனா ஓடி வெளிய வந்துடலாம்னு ரெண்டு மூணு எட்டு வைக்கறான், கோட்ட தாண்டி வெளிய வந்தும் வந்துட்டான், அதுக்குள்ள சிகாகோ ஆளுங்க ரெண்டு பேர் பாய்ஞ்சு அவன திரும்பவும் கோட்டுக்கு உள்ள தள்ளி சாய்ச்சுட்டாங்க. சேஃப்டி. ரெண்டு பாயிண்ட். அதுக்கப்புறம் ஒரு பாயிண்ட் கூட விழல, மேட்ச் 2-0.

அஞ்சு வருஷ சாம்ராஜ்யம் அந்த ரெண்டு பாயிண்ட்ல முடிஞ்சு போச்சு. சிகாகோவ அந்த வருஷ தேசிய சாம்பியன்னு இன்னிக்கும் கணக்குல வச்சிருக்காங்க. கிளார்க்கு தான் பாவம், வாழ்நாள் பூரா அந்த ஓட்டத்த வச்சே அவர பேசினாங்க.

அவங்க அப்ப ஒழுங்கா படிச்சுட்டு தான் ஆடினாங்களா?

அப்படின்னு வெளிய பேசிக்கிட்டாங்க. எக்கர்சால் கதையவே எடுத்துக்குங்க, அட்மிஷனுக்கு தேவையான பாடமே முழுசா முடிக்காம உள்ள வந்தவன், நம்ம பாஷைல சொன்னா கழுத்து வரைக்கும் அரியர், நாலு சீசன் ஆடிட்டு கடைசி வரைக்கும் டிகிரி வாங்கவே இல்ல. பின்னாடி பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் எழுதி நல்ல பேர் வாங்கினான், அது வேற. 1905லயே ஒரு பெரிய பத்திரிகை, காலேஜ்ங்க எப்படி காசு குடுத்து ஆள் புடிக்கறாங்கன்னு தொடரா எழுதி சிகாகோவையும் கிழிச்சுது. ஊர்ல பாக்கற ஸ்போர்ட்ஸ் கோட்டா சமாசாரம் தான், அங்க நூறு வருஷம் முன்னாடியே இருந்திருக்கு. ஸ்டாக் கெட்ட வார்த்தை பேச மாட்டாரு, சரி, ஆனா நல்ல பையன எங்கேந்தாவது இழுத்துட்டு வர்றதுல யாருக்கும் சளைச்சவரு இல்ல. டீம மூடினவருன்னு எல்லாரும் சொல்ற ஹட்சின்ஸ் தலைவரா வர்றதுக்கு இருபத்தி நாலு வருஷம் முன்னாடியே உள்ள அழுக்கு இது, ஞாபகம் வச்சுக்குங்க.

ஆட்டத்துல சாவு கூட நடக்குமாமே?

அந்த 1905 சீசன்ல நாடு முழுக்க 15 பேருக்கு மேல செத்தாங்க, ஸ்கூல் பசங்க உள்பட. ஹெல்மெட் கட்டாயம் இல்ல, கும்பலா கைகோத்துக்கிட்டு மோதறது தான் ஆட்டம். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய காலேஜ் ஆளுங்கள வெள்ளை மாளிகைக்கு கூப்பிட்டு சரி பண்ணுங்கன்னு சொல்ற நிலைமை. 1906ல விதிய மாத்தினாங்க: பந்த முன்னாடி தூக்கி எறியலாம், அஞ்சு கெஜத்துக்கு பதிலா பத்து கெஜம் போகணும். விதி போடற கமிட்டில ஸ்டாக்கும் ஒரு ஆள், எறியற ஆட்டத்த அவர் டக்குன்னு புடிச்சுக்கிட்டாரு.

கூட்டம் எப்படி வரும்?

அள்ளும். மார்ஷல் ஃபீல்டுன்னு சிகாகோவோட பெரிய ஜவுளிக்கடை முதலாளி குடுத்த நெலத்துல தான் மைதானம், முதல்ல அவர் பேர்லயே இருந்துச்சு, அப்புறம் ஸ்டாக் ஃபீல்டுன்னு மாத்தினாங்க. உயிரோட இருக்கற கோச் பேர்ல, அவரே தினம் நடக்கற மைதானம்! கட்டி கட்டி கடைசில 50 ஆயிரம் பேருக்கு மேல உக்காரலாம்ங்கற அளவுக்கு வந்துச்சு. மேற்கு பக்க கேலரி பாத்தா கோட்டை கொத்தளம் மாதிரி இருக்கும், அந்த கேலரிய மறந்துடாதீங்க.

1922 அக்டோபர் 28 பிரின்ஸ்டன் அங்க வந்து ஆடினப்ப ரேடியோல டெலிஃபோன் லைன் வழியா நியூயார்க் வரைக்கும் கமெண்ட்ரி போச்சு, அந்த மாதிரி தூர ஒலிபரப்பு அதுக்கு முன்னாடி நடந்ததில்ல. கடைசி கால்வாசில சிகாகோ 18-7ன்னு முன்னாடி. ஜெயிச்சாச்சுன்னு எல்லாரும் நினைச்சப்ப பிரின்ஸ்டன் திருப்பி அடிச்சு 21-18. கடைசி நிமிஷத்துல கோட்டுக்கு ரெண்டு எட்டு தூரத்துல சிகாகோ நின்னு போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இல்லினாய்ஸோட 21-21, எதிர்ல ரெட் கிரேஞ்ச், இல்லினாய்ஸோட மூணு டச்டவுனும் அவர் ஒருத்தரே போட்டாரு. அந்த வருஷ பட்டத்தோட சிகாகோவோட நல்ல காலம் முடிஞ்சுது.

அவ்ளோ பெரிய டீம் எப்படி கவுந்துச்சு?

ஒரே நாள்ல கவுறல. மிச்சிகன், ஒஹையோ, இல்லினாய்ஸ் எல்லாம் மாநில அரசு யுனிவர்சிட்டி, ஆயிரக்கணக்குல பசங்க, பி.டி. மாதிரி லேசான டிகிரியும் உண்டு. சிகாகோவுல இளநிலை பசங்களே கம்மி, 1931லேந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி பெரிய பரீட்சை, தப்பிக்க வழி இல்ல. நல்லா ஆடற பையன் எதுக்கு இங்க வந்து பிளேட்டோவ உருட்டணும், பக்கத்து மாநிலத்துக்கு போயிடுவான். ஸ்டாக்குக்கும் வயசாச்சு. 70 வயசுல ரிட்டயர் ஆகணும்னு விதி, 1932 சீசனோட அனுப்பிட்டாங்க. உக்காந்து சாப்பிடற மாதிரி ஒரு கௌரவ பதவி குடுத்தாங்க, அவர் வேண்டாம்னுட்டு கலிஃபோர்னியாவுல காலேஜ் ஆஃப் பசிஃபிக்னு ஒரு சின்ன காலேஜுக்கு கோச்சா போயிட்டாரு. 1938ல அந்த டீம கூட்டிக்கிட்டு தன் பேர் வச்ச மைதானத்துக்கே வந்து சிகாகோவ 32-0ன்னு அடிச்சாரு. பெத்த புள்ளய தானே அடிச்ச மாதிரி, அன்னிக்கு அந்த மனுஷனுக்கு மனசுல என்ன ஓடியிருக்கும். 1943ல 81 வயசுல வருஷத்தோட சிறந்த கோச்சுன்னு விருது வேற, 102 வயசு வரைக்கும் இருந்துட்டு 1965ல தான் போனாரு.

ஹைஸ்மன் டிராஃபி முதல் ஆள் இங்க தானாமே?

ஆமா, ஜே பெர்வேங்கர். ஐயோவா மாநிலத்து டுபியூக் ஊர் பையன். டீம் சுமார், இவன் ஒருத்தன் தான் டீமே, ஓடறது உதைக்கறது எறியறது தடுக்கறது எல்லாம் இவன். 1934ல மிச்சிகன 27-0ன்னு சாய்ச்சப்ப இவன தடுக்க வந்த மிச்சிகன் பையனுக்கு கண்ணுக்கு கீழ கிழிஞ்சு தழும்பாயிடுச்சு, அந்த பையன் பேரு ஜெரால்டு ஃபோர்டு, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவரே தான். 1935ல காலேஜ் ஃபுட்பாலோட சிறந்த ஆட்டக்காரன்னு முதல் தடவையா குடுத்த டிராஃபி பெர்வேங்கருக்கு. ஹைஸ்மன்ங்கற பேரு அடுத்த வருஷம் தான் வந்துச்சு. தொழில்முறை லீக் ஆளெடுக்க முதல் டிராஃப்ட் வச்சாங்களே 1936ல, அதுலயும் முதல் பேர் இவர் தான். ஆனா கேட்ட காசு படியல, ஒரு மேட்ச் கூட தொழில்முறைல ஆடல, ரப்பர் பிசினஸ்ல இறங்கிட்டாரு. டிராஃபி அவங்க அத்தை வீட்ல கதவு சாத்தாம இருக்க முட்டு குடுத்து வச்சிருந்தாங்களாம். நம்ம வீட்ல அம்மிக்குழவி செய்யற வேலை. இப்ப யுனிவர்சிட்டி ஜிம் கட்டடத்துல கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கு.

85-0ன்னு தோத்தாங்களாமே, நெஜமா?

நெஜம். 1939 சீசன். மிச்சிகன் கிட்ட 85-0, ஒஹையோ ஸ்டேட் கிட்ட 61-0, ஹார்வர்டு கிட்ட 61-0, வர்ஜீனியா கிட்ட 47-0, இல்லினாய்ஸ் கிட்ட 46-0, பேலாயிட்னு ஒரு குட்டி காலேஜ் கிட்ட கூட 6-0. வபாஷ், ஓபர்லின் ரெண்டு சின்ன டீம மட்டும் ஜெயிச்சாங்க. கூட்டி பாத்தா வாங்கினது 308, அடிச்சது 37. டெபாசிட் காலின்னு சொல்லுவோமே, அதுக்கும் கீழ. 34 வருஷம் முன்னாடி ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல யார கவுத்தாங்களோ அதே மிச்சிகன்.

யாரு மூடினது? விளையாட்டே புடிக்காத ஒரு ஆளாமே?

இது தான் எல்லாரும் சொல்ற கதை, எனக்கு முழுசா ஒத்துக்க முடியல. ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ், 1929ல முப்பது வயசுலயே தலைவர் ஆனவரு, ஆளு சினிமா ஹீரோ மாதிரி இருப்பாரு, நாக்குல விஷம். ஃபுட்பால் மேல அவருக்கு பாசம் இல்லங்கறது உண்மை தான். ஆனா 1938 டிசம்பர்ல ஒரு வாரப் பத்திரிகைல அவர் எழுதினது விளையாட்ட பத்தி இல்ல, காச பத்தி. டிக்கெட் விலைய பத்து சென்ட்டா குறைங்க, கோச்சுக்கு வாத்தியார் மாதிரி நிரந்தர வேலை குடுங்க, அப்ப ஜெயிச்சே ஆகணும்ங்கற வெறி தானா அடங்கிடும்னு எழுதினாரு. இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா, நிரந்தர பதவில கோச் வேணும்னு 1892லயே ஹார்ப்பர் செஞ்சது அதே தானே, அப்பவும் வெறி அடங்கல.

1939 டிசம்பர் 21ந்தேதி டிரஸ்டிங்க டீம கலைச்சதா அறிவிச்சாங்க. பசங்க கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு போற நேரமா பாத்து. பழைய மாணவர்கள்ல சில பேர் கொதிச்சாங்க, ஆனா அந்த 85-0க்கு அப்புறம் வாய தொறக்க யாருக்கு முகம் இருக்கு. என் கணக்குல இத ஹட்சின்ஸ் கொன்னாருன்னு சொல்றத விட, எதுக்காக டீம ஆரம்பிச்சாங்களோ அந்த வேலை முடிஞ்சு போச்சுன்னு சொல்லணும். 1892ல யுனிவர்சிட்டிய ஊருக்கு தெரியப்படுத்த டீம் வேணும். 1939ல உலகத்துக்கே தெரிஞ்ச யுனிவர்சிட்டி, டீம் தான் மானத்த வாங்குது. கடைக்கு போர்டா மாட்டினது துரு புடிச்சு தொங்குது, கழட்டி வச்சுட்டாங்க. இதுல கோவமும் கிடையாது வெறுப்பும் கிடையாது, வெறும் கணக்கு.

இதே ஹட்சின்ஸ பத்தி இன்னொண்ணு, நம்ம ஆளு சம்பந்தப்பட்டது. சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர் 1937ல இந்த யுனிவர்சிட்டில தான் சேர்ந்தாரு. நிறத்த வச்சு அவர் காம்பஸ்ல வகுப்பு எடுக்க கூடாதுன்னு ஒரு டீன் தடுத்தப்ப, தாராளமா எடுக்கட்டும்னு சொன்னவர் ஹட்சின்ஸ். 1983ல நோபல் வாங்கினப்பவும் சந்திரசேகர் அங்க தான் இருந்தாரு. அதனால மனுஷன வெறும் வில்லனா பாக்க எனக்கு மனசு வரல.

கோச் என்ன ஆனாரு? 85-0க்கு அவர தொரத்தியிருப்பாங்களே?

ஸ்டாக்குக்கு அப்புறம் வந்த கிளார்க் ஷானஸி. டீமே இல்லாததால கிளம்பிட்டாரு. போன எடம் ஸ்டான்ஃபோர்டு. அடுத்த வருஷம், 1940, அதே ஆளு அங்க பத்துக்கு பத்து ஜெயிச்சாரு, சீசன் முடிவுல நடக்கற ரோஸ் பவுல்ங்கற பெரிய மேட்சும் அதுல சேர்த்தி. போதாததுக்கு அவர் சொல்லிக்குடுத்த டி ஃபார்மேஷன (ஆளுங்கள நிறுத்தற ஒரு முறை) வச்சு சிகாகோ பேர்ஸ் அந்த டிசம்பர்ல லீக் ஃபைனல்ல வாஷிங்டன 73-0ன்னு நொறுக்குச்சு. சட்டில இருந்தா தானே அகப்பைல வரும், அவ்ளோ தான் விஷயம்.

அணு உலை கதை உண்மையா, நீ அடிச்சு விட்டியா?

சித்தி, சத்தியமா உண்மை. டீம் போனதும் ஸ்டாக் ஃபீல்டு காலியா கெடக்குது. அந்த மேற்கு கேலரிக்கு அடியில ராக்கெட்ஸ்னு ஸ்குவாஷ் மாதிரி ஒரு ஆட்டம் ஆடற கோர்ட் இருந்துச்சு. போர் சமயம், ஊருக்கு வெளிய காட்டுப்பக்கம் கட்டறதா இருந்த கட்டடம் தொழிலாளர் தகராறுல தாமதமாக, என்ரிகோ ஃபெர்மிங்கற இயற்பியல் விஞ்ஞானியோட கூட்டம் அணு உலைய இங்கயே கட்டிடலாம்னு முடிவு பண்ணிச்சு. கிராஃபைட் கட்டிய ஒண்ணு மேல ஒண்ணா, நடுநடுவுல யுரேனியம் வச்சு, மரச்சட்டம் முட்டு குடுத்து 57 அடுக்கு. கிராஃபைட் தூசில எல்லாருக்கும் மூஞ்சி கரிப்பானை. 1942 டிசம்பர் 2 மதியம் மூணரை வாக்குல கட்டுப்பாட்டு கம்பிய அடி அடியா வெளிய இழுத்தாங்க, கவுண்டர் டிக் டிக்னு ஆரம்பிச்சு ஒரே இரைச்சலா மாறுச்சு, மனுஷன் உண்டாக்கின முதல் அணு தொடர் வினை 28 நிமிஷம் ஓடுச்சு. சக்தி எவ்ளோ தெரியுமா, அரை வாட். ஒரு டார்ச் பல்பு ஒழுங்கா எரியாது. முடிஞ்சதும் யூஜின் விக்னர் ஒரு ஒயின் பாட்டில எடுத்தாரு, பேப்பர் கப்புல ஊத்தி சத்தமில்லாம குடிச்சாங்க.

பொறுப்புல இருந்த ஆர்தர் காம்ப்டன், ஊருக்கு நடுவுல இப்படி ஒண்ண கட்டறோம்னு ஹட்சின்ஸ் கிட்ட கேக்கவே இல்ல. கேட்டா வேண்டாம்னு தான் சொல்லணும், அவருக்கு இத எடை போட தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டாரு. 50 ஆயிரம் பேர் கத்தின எடத்துல நாப்பது அம்பது பேர் மூச்ச புடிச்சுக்கிட்டு நின்னாங்க. டீம கலைக்காம இருந்தா சனிக்கிழமை சனிக்கிழமை மேல ஜனம் குதிச்சிருக்கும், கீழ இதெல்லாம் நடந்திருக்குமா?

திரும்ப ஆரம்பிச்சாங்களா இல்லையா?

ஆரம்பிச்சாங்க, ஆனா பயந்து பயந்து. பிக் டென்லேந்து 1946ல விலகியாச்சு. ஐம்பதுகள்ல வந்த விளையாட்டு டைரக்டர் வால்டர் ஹாஸ், ஃபுட்பால் "வகுப்பு"ன்னு பேர் வச்சு ஆரம்பிச்சாரு, டீம்னு சொன்னா சண்டை வரும்னு. 1963ல வெளி காலேஜோட ஆட வச்சப்ப மாணவர்களே மைதானத்துக்கு நடுவுல போய் உக்காந்துட்டாங்க, ஃபுட்பால் வேண்டாம்னு தர்ணா! போலீஸ் வந்து தான் ஆட்டம் நடந்துச்சு. டீம் வேணும்னு போராட்டம் பண்ணி பாத்திருக்கேன், வேண்டாம்னு பண்ணின காலேஜ் பசங்கள இங்க தான் கேள்விப்படறேன். 1969ல முறையா டீம் அந்தஸ்து திரும்ப கெடச்சுது.

இப்ப டீம் எப்படி இருக்கு?

மூணாவது டிவிஷன். விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிச்சு உள்ள வந்தவங்க தான் ஆடணும். மைதானமும் வேற எடம், பேர் மட்டும் அதே ஸ்டாக் ஃபீல்டு. பிக் டென் ஆளுங்க லட்சம் பேர் முன்னாடி ஆடறாங்க, இங்க வீட்டுக்காரங்க, நண்பர்கள், பக்கத்து தெரு நாய்க்குட்டின்னு ஒரு கூட்டம். ஆனா கோஷம் மட்டும் இவங்கள அடிச்சுக்க முடியாது, தெமிஸ்டாக்ளிஸ், கிரேக்க வரலாறு எழுதின துசிடிடீஸ்னு பழைய கிரேக்க பேருங்கள சொல்லி ஆரம்பிச்சு எக்ஸ் ஸ்கொயர் ஒய் ஸ்கொயர்னு போய் எச் டூ எஸ் ஓ ஃபோர்ல நிக்கற மாதிரி ஒரு கோஷம் வச்சிருக்காங்க. தங்களையே கிண்டல் பண்ணிக்கறாங்க. எனக்கு இந்த டீம் தான் புடிச்சிருக்கு.

பையன் அங்க போனா பழைய மைதானத்த பாக்க முடியுமா?

முடியாது, கேலரிய 1957ல இடிச்சுட்டாங்க. அணு உலை இருந்த எடத்துல ஹென்ரி மூர் செஞ்ச பெரிய வெண்கல சிலை இருக்கு, 25ஆவது வருஷத்துக்கு 1967 டிசம்பர் 2 அன்னிக்கு தொறந்தாங்க, ஒரு பக்கம் பாத்தா மண்டை ஓடு, இன்னொரு பக்கம் பாத்தா காளான் மேகம். பக்கத்துல மைதானத்து மேலயே ரீகன்ஸ்டைன் லைப்ரரி, 1970ல தொறந்தது, சாம்பல் கலர்ல கோட்டை மாதிரி. தெற்காசிய புத்தக சேகரிப்பு அங்க ரொம்ப பெருசு, அறுபதுகள்லேந்து அமெரிக்க அரசு திட்டத்துல இந்தியாவுலேந்து மூட்டை மூட்டையா போன புத்தகம், அதுல தமிழும் வரிசை வரிசையா. அதனால அக்கா, பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்தா எக்கர்சால் பந்து உதைச்ச எடத்துல போய் உக்காந்து சங்க இலக்கியம் படிக்க சொல்லுங்க. ஸ்வெட்டர் ரெண்டு எக்ஸ்ட்ரா வச்சு விடுங்க.